அலமாரியில் இருக்கும் பெரிய ஆள்

தம்மாம், சவூதி
6 மே 1994

சியோனுக்கு,

இந்தக் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டு படிக்காதே. மத்தியானக் கூட்டம் போன பிறகு, உட்கார்ந்து படி.

ஒன்றரை வருஷமாக உன்னிடம் ஒரு விஷயத்தை மறைத்துவந்திருக்கிறேன். நான் இளைத்துவிட்டேன். கொஞ்ச நஞ்சம் இல்லை. போன விடுமுறையில் அரிசி மண்டித் தராசில் விளையாட்டுக்கு என்னை ஏற்றினாயே, முள் நூற்றுப் பதினெட்டில் போய் நின்றதும் மண்டிக்காரன் கைதட்டினானே. இப்போது எழுபத்தாறு.

பயப்படாதே. முதலில் சர்க்கரை என்றார்கள். அதை எழுதினால் நீ கடையை மூடிவிட்டுத் தேவாலயத்தில் போய் உட்கார்ந்துவிடுவாய் என்று எழுதவில்லை. பிறகு இளைக்க ஆரம்பித்தேன். எங்கே போய் நிற்கும் என்று தெரியாததால் அதையும் எழுதவில்லை. இப்போது நின்றுவிட்டது, சர்க்கரையும் அடங்கிவிட்டது. இந்த நாட்டில் பன்றி கிடையாது என்பதே பாதி வைத்தியம். மீதிப் பாதி, வெயில் ஏறுவதற்குள் கடலோரத்தில் ஐந்து கிலோமீட்டர் நடை.

கம்பெனி மருத்துவர் எகிப்துக்காரர், நல்ல மனுஷன். ஊரில் என்ன சாப்பிடுவாய் என்று முதல் நாள் கேட்டார். காலையில் எலும்பு மஜ்ஜை போட்ட பாச்சோய் நூடுல்ஸ் இரண்டு கிண்ணம், பத்து மணிக்குப் பன்றித்தோல் வறுவல், மத்தியானம் துவரையும் பலாக்காயும் போட்ட பன்றிக்குழம்பு என்று சொல்லிக்கொண்டே போனேன். சாயங்காலத்துக்கு நான் வருவதற்குள் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "யார் சமைக்கிறது?" என்று கேட்டார். என் மனைவி, சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள் என்றேன். மூடின பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

அப்பா இதே சர்க்கரையில், ஐம்பத்திரண்டு வயதில், ஒரு காலோடு போனார். எனக்கு ஐம்பது முடிந்துவிட்டது. அதனால் ஒன்று கேட்கிறேன். அலமாரியில் இருக்கும் என் துணிகளை எல்லாம் யாருக்காவது கொடுத்துவிடு. ஒன்றுகூட வைக்காதே. என்னை எனக்குத் தெரியும். வீட்டில் ஒரே ஒரு பெரிய கால்சட்டை இருந்தால் போதும், ஆறு மாதத்தில் அதை நிரப்பிவிடுவேன்.

இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறாயா என்று மேலாளர் ஒப்பந்தத் தாளை நீட்டியிருக்கிறார். நவம்பர் பதினைந்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போடப் போவதில்லை. ஒரேயடியாக வந்துவிடுகிறேன், இந்த உடம்போடு.

கார்பியோ


சான் இலாரியோ, இலோயிலோ
29 மே 1994

கார்பியோவுக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். படித்த பிறகு எழுந்திருக்க முடியவில்லை.

எனக்கு ஒரு தலைவலி வந்தால்கூட உங்களுக்கு இரண்டு பக்கம் எழுதுகிறேன். நீங்கள் நாற்பத்திரண்டு கிலோவைத் தொலைத்துவிட்டு, கடிதத்துக்குக் கடிதம் 'இங்கே வெயில் அதிகம்' என்று எழுதிக்கொண்டிருந்தீர்கள். நாற்பத்திரண்டு கிலோ என்றால் ஒரு ஆள். உங்கள் அக்கா உர்சுலாவே மொத்தமாக அவ்வளவுதான் இருப்பாள்.

அந்த எகிப்துக்காரர் பேனாவை எதற்கு மூடினாராம்? இந்தச் சோற்றைச் சாப்பிட்டு இந்த ஊரில் யார் செத்தார்கள் என்று என் சார்பில் கேளுங்கள். நம் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. எதற்குப் பலகை, புருஷனைப் பார்த்தாலே தெரியுதே என்று எல்லோரும் சொல்லுவார்கள். விடுமுறையில் நீங்கள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்த நாட்களில் நான் ஒரு பானைச் சோறு கூடுதலாக வடித்திருக்கிறேன். இனிமேல் வாசலில் எதை உட்கார வைப்பது?

ஊர் என்ன பேசும் என்று யோசித்தீர்களா? வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவன் கன்னம் உப்பி, கழுத்து மடிந்து வர வேண்டும். போன வருஷம் தபால்காரர் மகன் குவைத்திலிருந்து எலும்பும் தோலுமாக வந்தான். வேலை போய்விட்டது என்றார்கள், பிறகு காசநோய் என்றார்கள். அவன் குடித்த தம்ளரை அவன் அத்தையே தனியாக எடுத்து வைத்தாள். பாவம், அவனுக்குப் பல்வலி மட்டும்தான்.

துணிகளை எண்ணினேன். பதினான்கு கால்சட்டை, இருபத்தாறு சட்டை, போன விடுமுறையில் தைத்த மஞ்சள் அன்னாசி நார்ச் சட்டை. 'ரெண்டு ஆளுக்குத் துணி வாங்கிட்டு வாங்க' என்று தையல்காரர் சொன்னாரே, அதேதான். இதையெல்லாம் யாருக்குக் கொடுப்பது? இந்த ஊரில் யார் போட்டாலும் உள்ளே தொலைந்துபோவார்கள்.

உண்மையைச் சொல்லுங்கள். உடம்புக்கு வேறு எதுவும் இல்லையே? ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். முகம் மட்டும் வேண்டாம், தலையிலிருந்து கால் வரைக்கும்.

சியோன்


தம்மாம்
20 ஜூன் 1994

சியோனுக்கு,

படம் இதோடு இருக்கிறது. தலையிலிருந்து கால் வரைக்கும். ஒரு நோயும் இல்லை. இங்கே மூன்று மாடி ஏணியில் ஏறி இறங்கி இரும்பு பற்றவைக்கிற வேலையை நானே பார்க்கிறேன், முன்பு கீழே நின்று கத்துவேன்.

உன் சமையலை நான் குற்றம் சொன்னேனா? அவர் கேட்டார், நான் உள்ளதைச் சொன்னேன். சாப்பிட்டது நான். உன் கரண்டி என் வாய்க்குள் தானாக வந்து விழவில்லை.

வழக்கமாக ஊருக்கு அனுப்புகிற சாமான் பெட்டி இந்த மாதம் இரண்டாம் தேதி கப்பல் ஏறிவிட்டது. பிரித்துப் பார். நான் எப்படி வரப் போகிறேன் என்று பார்த்ததும் உனக்கே தெரியும். அதற்குள் அலமாரி காலியாகட்டும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

கார்பியோ


சான் இலாரியோ
14 ஆகஸ்ட் 1994

கார்பியோவுக்கு,

படம் வந்தது. யாரோ ஒரு ஆளை நிறுத்தி நீங்கள் படம் எடுத்திருக்கிறீர்கள், அடுத்த படத்தில் நீங்கள் இருப்பீர்கள் என்று உறைக்குள் கைவிட்டுத் தேடினேன். பிறகு காதைப் பார்த்தேன். காது உங்களுடையது. அது மட்டும் இளைக்கவில்லை. உர்சுலா அக்கா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். "சின்ன வயசுல இப்படித்தான் இருப்பான்" என்றாள். உங்களை நான் பார்த்ததே இருபத்து நான்கு வயதில். அப்போதே தொண்ணூறு கிலோ. அவளுக்குத் தெரிந்த ஆள் எனக்குத் தெரியாத ஆள், அதற்கு நான் என்ன செய்வது?

பெட்டி பத்தாம் தேதி வந்தது. வண்டி நம் தெரு திரும்புவதற்குள் சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள், உங்களுக்குத்தான் தெரியுமே. சோப்பும் காப்பிப் பொடியும் டப்பா மீனும் வழக்கம்போலப் போய்விட்டன. ஆனால் துணிகளைப் பார்த்து எனக்கே கண் கலங்கிவிட்டது. எட்டுச் சட்டை, ஆறு கால்சட்டை, எல்லாம் இஸ்திரி மடிப்போடு. பதினொரு வருஷத்தில் எந்தப் பெட்டியிலும் உங்களுக்கென்று ஒரு கைக்குட்டைகூட வைத்ததில்லை நீங்கள். அங்கே உடம்பு இளைக்க உழைத்துக்கொண்டு, இங்கே இருக்கிறவர்களை நினைத்து இவ்வளவும் வாங்கியிருக்கிறீர்கள். உங்கள் அக்கா மகன் ரோமுலோவுக்கு மூன்று சட்டையும் இரண்டு கால்சட்டையும் கொடுத்தேன், அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. என் தம்பி லம்பர்ட்டோவுக்கு நான்கு உருப்படி. மீதியை மற்ற மருமகன்கள் எடுத்துக்கொண்டார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் தீர்ந்தது. அட்டைப்பெட்டியைக் கோழி அடைக்க என்று உர்சுலா அக்கா தூக்கிக்கொண்டு போனாள்.

உங்கள் பெரிய துணிகளை இன்னும் கொடுக்கவில்லை. மழைக்குப் பூசணம் பிடிக்கப் பார்த்தது. அழுக்குத் துணியை யாருக்கும் கொடுக்கக் கூடாதே என்று எல்லாவற்றையும் துவைத்தேன். நான்காவது கால்சட்டை போட்டதும் கொடி அறுந்தது. திரும்பக் கட்டி, காயவைத்து, மடித்தேன். மடித்த பிறகு பார்த்தால் எல்லாம் புதுசு மாதிரி இருக்கிறது. அலமாரியிலேயே வைத்துவிட்டேன்.

சியோன்


தம்மாம்
4 செப்டம்பர் 1994

சியோனுக்கு,

அது என் துணி.

எட்டுச் சட்டையும் ஆறு கால்சட்டையும் என்னுடையவை. அளவெடுத்து, மூன்று வெள்ளிக்கிழமை கடைக்கு நடந்து வாங்கியவை. ஊருக்கு வந்தால் போட்டுக்கொள்ள முன்கூட்டியே அனுப்பினேன். நீலக் கோடு போட்ட சட்டைப் பையில் சீட்டு வைத்திருந்தேனே: 'இவை எல்லாம் எனக்கு, அலமாரியில் வை, கார்பியோ.' பையில் கைவிட்டுப் பார்க்க மாட்டாயா? மருமகன்களுக்கு நான் எந்தக் காலத்தில் இஸ்திரி போட்ட கால்சட்டை அனுப்பியிருக்கிறேன்?

என் பேரிலும் தப்பு இருக்கிறது. பெட்டிக்குள் போட்டது எதுவும் போட்டவனுக்குச் சொந்தம் இல்லை. இத்தனை வருஷத்தில் அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சீட்டில் எழுதியதைக் கடிதத்திலேயே எழுதித் தொலைத்திருக்கலாம். நீ பெட்டியைத் திறந்து, எடுத்துப் பார்த்து, சிரிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஐம்பது வயதில் எனக்கு இந்த ஆசை தேவையா?

ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. எனக்குப் பொருந்துகிற துணியை அரை மணி நேரத்தில் ஊருக்கு வாரிக் கொடுத்துவிட்டாய். பொருந்தாத துணியை மே மாதத்திலிருந்து துவைத்துத் துவைத்து மடித்து வைக்கிறாய். நீ எந்த ஆளுக்காகக் காத்திருக்கிறாய், சியோன்?

இது கிடைத்த அன்றைக்கே எல்லாம் வீட்டை விட்டுப் போக வேண்டும். யாருக்குப் பொருந்துகிறதோ அவனுக்குக் கொடு. யாராக இருந்தாலும் சரி.

கார்பியோ


சான் இலாரியோ
26 செப்டம்பர் 1994

கார்பியோவுக்கு,

சொன்னபடி செய்துவிட்டேன்.

சீட்டு ரோமுலோவிடம் இருந்தது. படித்தானாம். "மாமா தமாஷ் பண்றாருன்னு நெனச்சேன்" என்கிறான். கூட்டத்தில் கொடுத்ததைத் திரும்பக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அவனும் கழற்றவில்லை.

உங்கள் பெரிய துணிகளை மூன்று மூட்டையாகக் கட்டித் தாசியோவுக்குக் கொடுத்தேன். தெரியாதா, டிரைசைக்கிள் ஓட்டுகிறாரே, வண்டி ஒரு பக்கமாகவே சாய்ந்து போகுமே, அவர்தான். மனைவி போய் இரண்டு வருஷம் ஆகிறது. மூன்று வேளையும் நம் கடையில்தான் சாப்பாடு. ஒரு தையல்கூடப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. கால்சட்டை அப்படியே போய் இடுப்பில் உட்கார்ந்தது. யாருக்குப் பொருந்துகிறதோ அவனுக்கு என்றீர்கள். ஊர் முழுக்கத் தேடினாலும் பொருந்துகிறவர் அவர் ஒருத்தர்தான்.

அன்னாசி நார்ச் சட்டையும் போய்விட்டது. நீங்கள்தானே ஒன்றுகூட வைக்காதே என்றீர்கள். அலமாரியில் உங்களுடையது இப்போது எதுவும் இல்லை. திருப்திதானே?

சியோன்


தம்மாம்
12 அக்டோபர் 1994

சியோனுக்கு,

உர்சுலா அக்கா திருவிழாப் படம் ஒன்று அனுப்பியிருக்கிறாள். ஒன்றும் எழுதவில்லை, படம் மட்டும். உனக்கே தெரியும், அவள் எழுதாமல் விட்டால் நிறைய சொல்கிறாள் என்று அர்த்தம்.

நம் கடை வாசல். பெஞ்சில் முதுகைக் காட்டிக்கொண்டு என் மஞ்சள் அன்னாசி நார்ச் சட்டையில் ஒரு ஆள். எதிரில் நீ தட்டோடு நின்று சிரிக்கிறாய். ஒரு நிமிஷம் அது நான் என்றே நினைத்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, நான் ஊரில் உட்கார்ந்திருக்கிறேன் என்று. அப்புறம்தான் நான் இங்கே கட்டிலில் உட்கார்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது.

கொடுக்கச் சொன்னது நான்தான். தெரியும். பழைய சட்டைக்கு ஒரு மனுஷன் பொறாமைப்படுவதா என்று நீ கேட்பாய். படுகிறேன். இங்கே என்னோடு இருப்பவர்கள் என்னை ஒல்லி என்றுதான் கூப்பிடுகிறார்கள். கண்ணாடியில் பார்த்தால் அப்பாவின் கடைசி வருஷத்து முகம் தெரிகிறது. நோய் இல்லாமல் அந்த முகத்தோடு எப்படி இருப்பது என்று எனக்கு இன்னும் பழகவில்லை. உனக்கு எப்படிப் பழகும்?

தாள் மேசையில் கிடக்கிறது. பேனாவும் பக்கத்திலேயே கிடக்கிறது. அங்கே என் அளவில் ஒரு ஆள் இருக்கிறான், என் சட்டை இருக்கிறது, என் பெஞ்சில் இடமும் கிடைத்துவிட்டது. நான் வந்து எங்கே உட்காருவது? இன்னும் இரண்டு வருஷம் இங்கேயே இருந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று தோன்றுகிறது. நவம்பர் பதினைந்து வரை நேரம் இருக்கிறது.

அந்த மஞ்சள் சட்டையை மட்டும் அவனிடமிருந்து திரும்ப வாங்கிவிடு. நான் போட்டுக்கொள்ளப் போவதில்லை. அவன் போடக் கூடாது, அவ்வளவுதான்.

கார்பியோ


சான் இலாரியோ
24 அக்டோபர் 1994

கார்பியோவுக்கு,

தபாலை நம்பி இதை அனுப்ப முடியாது. தபால்காரர் மகனுக்குப் பல்வலி தீர்ந்து மறுபடி வேலை கிடைத்திருக்கிறது, அதுவும் தம்மாமில். வியாழக்கிழமை விமானம். அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவன் வந்து நிற்கும்போது நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் இதைப் படிக்காமல் கிழித்துவிடுங்கள்.

முதலில் சட்டை. உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே, மத்தியானம் கடை நிறைய ஆள் இருக்கும்போது தாசியோவிடம் போய், மஞ்சள் சட்டையைத் திருப்பிக் கொடுங்க என்றேன். என்ன ஏது என்று கேட்கவில்லை. அங்கேயே பொத்தானைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். பாதி கழற்றிவிட்டுச் சொன்னார்: "சட்டை என்ன சட்டை, அக்கா, எல்லாத்தையும் எடுத்துக்குங்க. இந்த முருங்கைக்கீரை மீன் சாறை மட்டும் இனிமே எனக்கு ஊத்தாதீங்க. பொண்டாட்டி செத்த துக்கத்தைவிட இது பெரிய துக்கமா இருக்கு."

கடையே சிரித்தது. அதைச் சொல்ல மறந்துவிட்டேனே. ஜூலையிலிருந்து நான் வேறு மாதிரி சமைக்கிறேன். இஞ்சி தட்டிப் போட்ட மீன் சாறு, வேகவைத்த கீரை, எண்ணெய் காட்டாத கோழி. சுகாதார நிலையத்து நர்ஸிடம் கேட்டு எழுதி வாங்கினேன். நீங்கள் வந்தால் என்ன போடுவது என்று கை பழக வேண்டாமா? பாதி வாடிக்கை எதிர்க் கடைக்குப் போய்விட்டது. தாசியோ மட்டும் போகவில்லை, தினமும் திட்டிக்கொண்டே சாப்பிடுகிறார். திருவிழா அன்றைக்கு மட்டும் பழையபடி பன்றிக்குழம்பு வைத்தேன். தட்டைப் பார்த்ததும் பெரிய மனுஷன் பெஞ்சில் அழுதுவிட்டார். படத்தில் நான் சிரிப்பது அதைப் பார்த்துத்தான். அந்தப் பக்கம் உங்கள் அக்கா படம் எடுக்கவில்லை.

சட்டையை நான் வாங்கவில்லை. பொத்தானைப் போடுங்க என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள்.

அவர் அதைப் போட்டுக்கொண்டு வந்த முதல் நாள் எனக்கும் உங்களுக்கு வந்த அதே மயக்கம் வந்தது. முதுகைப் பார்த்ததும் என் கை தானாக இன்னொரு அகப்பை சோறு அள்ளியது. அவர் திரும்பினார், தாசியோ. அகப்பையோடு அப்படியே நின்றேன். உங்களுக்கு எத்தனை வருஷம் இப்படி அள்ளிக் கொட்டியிருப்பேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. போதும் என்று நீங்கள் சொன்ன பிறகும் கொட்டியிருக்கிறேன். உங்கள் அப்பாவுக்கும் கடைசி மூன்று வருஷம் நான்தானே சமைத்தேன். அந்த மருத்துவர் பேனாவை மூடியது சரிதான். அந்தத் துணிகளை வீட்டை விட்டு அனுப்பினால், ஆமாம், நான்தான் இவருக்கு இதைச் செய்தேன் என்று ஊரறியச் சொன்ன மாதிரி ஆகும் என்று பயந்தேன். அதனால்தான் துவைத்துக்கொண்டே இருந்தேன்.

எந்த ஆளுக்காகக் காத்திருக்கிறாய் என்று கேட்டீர்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் தொண்ணூற்றாறு கிலோ. மூன்று மாதமாக அந்தச் சாற்றைத்தான் நானும் குடிக்கிறேன், அரைக் கிலோ இறங்கியது, திருவிழாவில் திரும்ப ஏறிக்கொண்டது. நாம் இரண்டு பேரும் ஒரே மாதிரி இருந்தவரைக்கும் யாரும் என்னைத் தனியாகப் பார்க்கவில்லை. பூசைக்குப் போனால் நமக்கென்று ஒரு பெஞ்சு, சிரித்தால் இரண்டு பேரையும் சேர்த்துச் சிரிப்பார்கள். இனிமேல் நீங்கள் அந்தப் படத்தில் இருக்கிற மாதிரி வந்து இறங்குவீர்கள். பக்கத்தில் நான் நிற்பேன். உங்களுக்குக் கூச்சமாக இருக்காதா? பெரிய கால்சட்டை அலமாரியில் இருந்தால், என்றைக்காவது நீங்கள் அதற்குள் திரும்பி வருவீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் கால் போனாலும் பரவாயில்லை என்று நான் நினைத்த மாதிரிதானே அது? எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அதனால் சட்டை தாசியோவிடமே இருக்கட்டும். அந்த அளவில் எனக்கு வீட்டில் யாரும் வேண்டாம். இப்போது இந்த வீட்டில் உங்களுக்குப் பெரிய துணியும் இல்லை, சின்னத் துணியும் இல்லை. உடுத்தியிருப்பதோடு வாருங்கள். பெஞ்சிலிருந்து தாசியோவை நகர்த்துவது என் பொறுப்பு, அதற்கு ஒரு கிண்ணம் மீன் சாறு போதும்.

சியோன்


தம்மாம்
3 நவம்பர் 1994

சியோனுக்கு,

பையன் வந்து கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். மேலாளரிடம் தாளை வெறும் தாளாகவே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இருபத்து மூன்றாம் தேதி புதன்கிழமை, மத்தியான விமானத்தில் இலோயிலோவுக்கு வந்து சேருகிறேன். இங்கே மீதி இருப்பது மூன்று சட்டை, கையில் எடுத்து வருகிறேன், பெட்டியில் போடுவதாக இல்லை.

அப்பாவுக்கு நீ சமைத்ததைப் பற்றி இனி ஒரு வார்த்தை எழுதாதே. கடைசி வருஷத்தில் அவர் வாய்விட்டுக் கேட்டு வாங்கியது உன் குழம்பை மட்டும்தான், நான் கொடுத்த மருந்தைத் துப்பிவிடுவார்.

விமான நிலையத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் முண்டியடித்து நிற்பார்கள். உர்சுலா அக்கா முன்னால் நின்று கை காட்டுவாள். நீ என்னைத் தேடாதே. தேடினாலும் கிடைக்க மாட்டேன், நூறு ஒல்லி ஆட்கள் இறங்குவார்கள், எல்லோரும் ஒரே மாதிரி இருப்போம். உனக்கு என்னை அடையாளம் தெரியாமல் போவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

நீ சும்மா நின்றால் போதும். விமானத்துப் படியில் நின்று பார்த்தாலே அந்தக் கூட்டத்தில் நீ எனக்குத் தெரிவாய். அது வரைக்கும் அந்தச் சாற்றை நிறுத்து. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, ஒரு கிலோகூடக் குறையாதே. நீயும் இளைத்துவிட்டால் நான் இறங்கி வந்து யார் வீட்டுக்குப் போவேன்?

கார்பியோ